ரேட்டிங் 9 ஸ்கூலா, 6 ஸ்கூலா? வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்

சென்னையிலிருந்து வேலை மாற்றலாகி ஜூலையில் கலிஃபோர்னியா பே ஏரியாவுக்கு வருகிறீர்கள். மகள் இரண்டாம் வகுப்பு சேரவேண்டும். மகனுக்கு ஆகஸ்டில் நான்கு வயது முடிகிறது. இரண்டு அபார்ட்மெண்ட் பார்த்து வைத்திருக்கிறீர்கள், இரண்டும் ஒரே ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குள், அதாவது அரசுப் பள்ளிகளை நடத்தும் ஒரே உள்ளூர் நிர்வாகத்துக்குள், வருகின்றன. ஒன்றுக்கு உரிய எலிமெண்டரி ஸ்கூலின் ரேட்டிங் 9, மற்றதற்கு 6. ஒன்பது இருக்கும் பக்கம் மாத வாடகை 600 டாலர் கூடுதல். கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் இங்கே ஒரு டிஸ்ட்ரிக்டில் ஏழு வருடமாக சப்ஸ்டிட்யூட் டீச்சர், அதாவது டீச்சர் வராத நாளில் பதிலுக்குப் போய் வகுப்பு எடுப்பவள். எங்கள் டிஸ்ட்ரிக்டில் இருக்கும் எட்டு எலிமெண்டரி ஸ்கூல்களிலும் பாடம் எடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை 9 ரேட்டிங் ஸ்கூலில் மூன்றாம் வகுப்பு, செவ்வாய்க்கிழமை 5 ரேட்டிங் ஸ்கூலில் அதே மூன்றாம் வகுப்பு, அதே கணக்குப் புத்தகம், அதே பக்கம் என்று போன வாரங்கள் உண்டு. நடுவில் இரண்டு வருடம் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்த ஸ்கூல் சைட் கவுன்சில் என்ற பள்ளிக் குழுவில் பெற்றோர் உறுப்பினராகவும் இருந்தேன். என் இரண்டு பிள்ளைகளும் படித்தது 6 ரேட்டிங் ஸ்கூல். அதனால் எனக்கு ஒரு பக்கச் சாய்வு இருக்கலாம், அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

என் பதில் இதுதான்: அந்த எண்ணுக்காக மட்டும் என்றால் கொடுக்காதீர்கள். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்க நான்கு வருடம், அதற்கு 28,800 டாலர். மகனும் முடிக்கும்வரை என்றால் ஏழு வருடம், 50,400 டாலர். வேறு காரணங்கள் இருந்தால் கொடுக்கலாம். அவை என்ன என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த 9 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

வீட்டு விளம்பரங்களின் கீழே தெரியும் 1 முதல் 10 வரையிலான எண் பெரும்பாலும் கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அமைப்பு தருவது. அரசு தருவது அல்ல. எலிமெண்டரி ஸ்கூலைப் பொறுத்தவரை அதன் அடித்தளம் மாநிலத் தேர்வு முடிவுகள்தான். இங்கே அந்தத் தேர்வை 'காஸ்ப்' என்று சொல்வோம். ஆங்கிலமும் கணக்கும் 3-ம் வகுப்பிலிருந்து 8-ம் வகுப்பு வரை, அப்புறம் 11-ல் ஒருமுறை. அறிவியல் ஐந்தாம் வகுப்பில்தான் முதல் முறை. இதிலேயே ஒன்றைக் கவனியுங்கள். டி.கே. (கிண்டர்கார்ட்டனுக்கு முந்தைய வருடம், நான்கு வயதுப் பிள்ளைகளுக்கானது), கிண்டர்கார்ட்டன், ஒன்று, இரண்டு ஆகிய வகுப்புகளில் மாநிலத் தேர்வே கிடையாது. உங்கள் மகன் முதல் நான்கு வருடம் என்ன கற்றுக்கொள்கிறான், யார் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது பற்றி அந்த 9 நேரடியாக ஒன்றுமே சொல்வதில்லை.

அடுத்தது, எத்தனை பிள்ளைகள் எழுதுகிறார்கள் என்பது. ஒரு சாதாரண எலிமெண்டரி ஸ்கூலில் ஒரு வகுப்புக்கு, எல்லாப் பிரிவும் சேர்த்து, 75 பேர் இருக்கலாம். அதில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு வந்து எழுதினால் ஒன்றேகால் சதவீதத்துக்கு மேல் போய்விடும். 70 சதவீதம் பேர் தேறும் ஒரு வகுப்பில், டீச்சரும் மாறாமல் பாடமும் மாறாமல், அந்த வருடம் யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்ற அதிர்ஷ்டத்தால் மட்டுமே ஐந்து சதவீதம் மேலும் கீழும் ஆடும். இரண்டு ஸ்கூல்களின் மூன்றாம் வகுப்பை ஒரே ஒரு வருடத்தில் ஒப்பிட்டால், ஏழெட்டு சதவீத வித்தியாசம் ஒன்றுமே இல்லாததாகக்கூட இருக்கலாம். தாமஸ் கேன், டக்ளஸ் ஸ்டைகர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2002-ல் நார்த் கரோலினா மாநிலத் தரவை வைத்து இதைத்தான் காட்டினார்கள். பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சின்ன ஸ்கூல்களே அதிகம் இருந்தன. காரணம் தரம் இல்லை, எண்ணிக்கை குறைவு என்பதுதான். ஒரு வருட முடிவை வைத்து முடிவெடுக்காமல் குறைந்தது மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

சரி, மூன்று வருடத்தைச் சேர்த்தாலும் ஒரு ஸ்கூல் 76, இன்னொன்று 66 என்று நிற்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது முதல் ஸ்கூல்தானே நல்லது? இங்கேதான் பலர் விழுகிறார்கள். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை.

முதல் ஸ்கூலில் தேர்வு எழுதியவர்கள் 200 பேர். அதில் 160 பேரின் பெற்றோர் கல்லூரிப் பட்டதாரிகள், 40 பேரின் பெற்றோர் பட்டதாரிகள் அல்ல. முதல் வகையில் 85 சதவீதம் தேறினார்கள், 136 பேர். இரண்டாவது வகையில் 40 சதவீதம், 16 பேர். ஆகமொத்தம் 152 பேர், அதாவது 76 சதவீதம். இரண்டாவது ஸ்கூலிலும் 200 பேர்தான். ஆனால் பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளைகள் 80 பேர், மற்றவர்கள் 120 பேர். முதல் வகையில் 90 சதவீதம் தேறினார்கள், 72 பேர். இரண்டாவது வகையில் 50 சதவீதம், 60 பேர். மொத்தம் 132, அதாவது 66 சதவீதம்.

இப்போது பாருங்கள். எந்த வகைப் பிள்ளையாக இருந்தாலும் இரண்டாவது ஸ்கூலில்தான் தேறுவது அதிகம். ஆனால் வெளியே தெரியும் மொத்த எண்ணில் முதல் ஸ்கூல் பத்து சதவீதம் முன்னால் நிற்கிறது. எல்லா 6 ஸ்கூலும் இப்படித்தான் என்று சொல்ல வரவில்லை. சில ஸ்கூல்கள் உள்ளே போய்ப் பார்த்தாலும் பின்தங்கித்தான் இருக்கும். மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது என்பதுதான் விஷயம்.

பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது, அதுவும் இலவசமாக. மாநிலத்தின் காஸ்ப் முடிவுத் தளத்தில் ஸ்கூல் பெயரைப் போட்டு, மாணவர் பிரிவு என்ற இடத்தில் பெற்றோரின் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். பட்ட மேற்படிப்பு, கல்லூரிப் பட்டம், கல்லூரியில் கொஞ்சம் என்று பிரித்துத் தருவார்கள். உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் வரியை இரண்டு ஸ்கூலுக்கும் எடுத்து எதிரெதிரே வையுங்கள். பத்து பேர் அல்லது அதற்குக் குறைவாக இருக்கும் பிரிவுகளின் எண்ணை மறைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் அதைவிட ஒரு படி பெரிய பிரிவைப் பார்க்கலாம். நான் இதை எங்கள் டிஸ்ட்ரிக்டின் எட்டு ஸ்கூலுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மொத்த எண்ணில் மலைக்கும் மடுவுக்கும் போல் இருந்த வித்தியாசம், எங்கள் மாதிரி வீட்டுப் பிள்ளைகளின் வரியில் கைவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது. உங்கள் இரண்டு ஸ்கூலிலும் அப்படியே வரும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது. அரை மணி நேர வேலைதான், போட்டுப் பாருங்கள்.

குடும்பப் பின்னணிதான் மதிப்பெண்ணை இவ்வளவு ஆட்டுகிறது என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1966-ல் வந்த கோல்மன் அறிக்கை (பள்ளிகளில் சம வாய்ப்பு பற்றிய அரசு ஆய்வு) காலத்திலிருந்து அமெரிக்காவில் பேசிப் பேசிச் சலித்த விஷயம் இது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஷான் ரியர்டன் குழு நாடு முழுக்க உள்ள ஸ்கூல்களின் தேர்வு முடிவுகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்து, பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு தளத்தில் வைத்திருக்கிறது. சராசரி மதிப்பெண் எவ்வளவு என்பதையும், பிள்ளைகள் வருடத்துக்கு எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்பதையும் அங்கே தனித்தனியாகக் காட்டுகிறார்கள். சராசரி மதிப்பெண் குடும்ப வருமானத்தோடு ஒட்டிக்கொண்டே போகிறது. முன்னேற்ற வேகத்துக்கும் வருமானத்துக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனம். ஒரு பிள்ளை ஸ்கூலுக்குள் நுழையும்போதே கையில் கொண்டுவந்தது சராசரியில் சேர்ந்துவிடுகிறது. ஸ்கூல் சேர்த்தது என்ன என்பதற்கு முன்னேற்றம்தான் கிட்டத்தட்ட நெருங்கிய அளவு. உங்கள் இரண்டு ஸ்கூலையும் அங்கேயும் போட்டுப் பாருங்கள்.

இதில் நம்மவர்களுக்கு மட்டுமே உரிய ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வாட்ஸாப் குழுவில் "அந்த ஸ்கூல் சூப்பர், நம்ம ஆட்கள் நிறைய" என்று யாராவது சொல்வார்கள். நம்ம ஆட்கள் நிறைய இருக்கும் ஸ்கூலுக்கு எதிரே இருக்கும் கடை வரிசையில் எத்தனை டியூஷன் சென்டர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். நான்காம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக் கணக்கை வெளியே படித்துவிட்டு வருகிறார்கள். அந்த மதிப்பெண் ஸ்கூல் பெயரில் ஏறுகிறது, ஃபீஸ் கட்டியது அப்பா அம்மா. அப்படிப்பட்ட வகுப்பில் நான் போய் நின்றபோது பின்னம் என்றால் என்ன என்று விளக்கவே தேவை இருக்கவில்லை. டியூஷன் போகாத நாலு பிள்ளைகள் மட்டும் திருதிருவென்று விழித்தார்கள். அவர்களுக்கு அந்த 9 ஒரு பாரமாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்து மாநில அரசே வெளியிடும் கலிஃபோர்னியா ஸ்கூல் டேஷ்போர்ட். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஐந்து நிறம் வரும். ஒரே எண்ணில் எல்லாவற்றையும் நசுக்காமல் தனித்தனி அளவாகக் காட்டுவது நல்லதுதான். ஆனால் அதில் வரும் ஏற்ற இறக்கம், போன வருடத்து மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் இந்த வருடத்து மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் ஒப்பிட்டு வருவது. பழைய ஐந்தாம் வகுப்பு வெளியே போய்ப் புதிய மூன்றாம் வகுப்பு உள்ளே வந்திருக்கும். அதை ஒரே பிள்ளையின் முன்னேற்றம் என்று படித்துவிடாதீர்கள்.

டேஷ்போர்டில் நான் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை அல்ல, நாள்பட்ட வருகைக் குறைவை. பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வராத பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. 180 நாளில் 18 நாள். இது அதிகமாக உள்ள ஸ்கூலில் டீச்சர் ஒவ்வொரு பாடத்தையும் இரண்டு தடவை எடுக்கவேண்டியிருக்கும், வந்த பிள்ளைகள் காத்திருப்பார்கள். இதை நான் வகுப்பில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனால் பெரும்பாலும் இந்தியக் குடும்பங்கள் உள்ள ஒரு ஸ்கூலில் இந்த எண் திடீரென்று ஏறியிருந்தால் பயப்படவேண்டாம். டிசம்பர் லீவுக்கு முன்னாலும் பின்னாலும் சேர்த்து நாலு வாரம் ஊருக்குப் போய் வந்தவர்கள் நாம்தான். நீங்களும் போவீர்கள். கலிஃபோர்னியாவில் ஸ்கூலுக்கு வரும் அரசுப் பணம் பெரும்பாலும் பிள்ளைகளின் சராசரி வருகையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது, அதனால் போகும் முன் அலுவலகத்தில் சொல்லி ஊரில் இருந்தபடியே பாடத்தைச் செய்யும் இண்டிபெண்டண்ட் ஸ்டடி என்ற ஏற்பாட்டைக் கேளுங்கள். பிள்ளைக்கும் பாடம் விட்டுப்போகாது, ஸ்கூலுக்கும் பணம் விட்டுப்போகாது.

'சார்க்' என்று ஒரு ஆவணம் உண்டு. ஒவ்வொரு அரசுப் பள்ளியும் வருடம்தோறும் பிப்ரவரி 1-க்குள் வெளியிடவேண்டிய அறிக்கை அது. 1988-ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 98-ம் முன்மொழிவின் வழியாக வந்தது. பக்கம் பக்கமாக இருக்கும், யாரும் படிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் சராசரியாக எத்தனை பிள்ளைகள், முழுத் தகுதிச் சான்று உள்ள ஆசிரியர்கள் எத்தனை பேர், கட்டடத்தில் எது பழுது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. இரண்டு ஸ்கூலின் சார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த மூன்றை மட்டும் பார்த்தால் போதும்.

ஒரே டிஸ்ட்ரிக்டுக்குள் எதெல்லாம் ஒன்றுபோல் இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் எதற்கு நீங்கள் கூடுதல் பணம் கொடுக்கப் பார்க்கிறீர்கள் என்பது புரியும். ஆசிரியர் சம்பள அட்டவணை ஒன்று. பாடத்திட்டமும் அங்கீகரித்த புத்தகமும் ஒன்று. கால அட்டவணை, விடுமுறை ஒன்று. கலிஃபோர்னியாவில் 2022-23-லிருந்து எல்லா அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் காலை, மதிய உணவு இலவசம், அதுவும் ஒன்று. 2024-25 முதல் சாதாரண நாளில் குறைந்தது 30 நிமிட ரீசஸ் (விளையாட்டு இடைவேளை) கொடுக்கவேண்டும், தண்டனையாக அதைப் பிடுங்கக்கூடாது என்ற சட்டமும் ஒன்றுதான்.

வேறுபடுவது பிரின்சிபால், டீச்சர்கள், பெற்றோர் திரட்டும் பணம், அங்கே மட்டும் நடக்கும் சிறப்புத் திட்டங்கள். இவற்றில் பெரியது டீச்சர். டெக்சாஸ் தரவை வைத்து எரிக் ஹனுஷெக் உள்ளிட்ட மூன்று பேர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர் தரத்தில் பெரிய வித்தியாசம் ஸ்கூலுக்கும் ஸ்கூலுக்கும் இடையில் இல்லை, ஒரே ஸ்கூலுக்குள்தான் இருக்கிறது என்று காட்டியது. எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. ஒரே தாழ்வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு அறைகளில் மாறி மாறி நின்றவள் நான். ஒரு அறையில் டீச்சர் வராத நாளிலும் பிள்ளைகள் தாங்களாகவே புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த அறையில் எனக்குத் தொண்டை போய்விடும். உங்கள் மகளுக்கு எந்த அறை விழும் என்பதை எந்த ரேட்டிங்கும் சொல்லாது. டீச்சரைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கவும் முடியாது. ஆனால் டீச்சர்கள் ஒரு ஸ்கூலில் தங்குகிறார்களா, ஓடிவிடுகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். போன வருடம் இருந்த டீச்சர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள், பிரின்சிபால் வந்து எத்தனை வருடம் ஆகிறது என்று அலுவலகத்தில் சாதாரணமாகக் கேளுங்கள். நாலு வருடத்தில் மூன்று பிரின்சிபால் மாறிய ஸ்கூல் என்றால், ரேட்டிங் எதுவாக இருந்தாலும் நான் யோசிப்பேன்.

பெற்றோர் பணம் பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பள்ளி இலவசம்தான். ஆனால் வசதியான பகுதி ஸ்கூல்களின் பி.டி.ஏ. ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று நன்கொடை கேட்கும், அந்தப் பணத்தில் ஓவியம், இசை, தோட்டம், கூடுதல் உதவியாளர் என்று வாங்கும். கொடுக்கவேண்டும் என்று கட்டாயம் கிடையாது, கொடுக்காததால் உங்கள் பிள்ளையை எதிலிருந்தும் விலக்கவும் முடியாது. ஆனால் மூன்றாவது நினைவூட்டல் மின்னஞ்சல் வரும்போது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். 600 டாலர் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் வாசிப்பு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். மகன் டி.கே. என்பதால் உங்களுக்கு இதுதான் முக்கியமான கேள்வி. எழுத்தையும் ஒலியையும் இணைத்து முறையாகக் கற்றுத்தருகிறார்களா, அல்லது படத்தைப் பார்த்து வார்த்தையை ஊகிக்கச் சொல்கிறார்களா? ஊகிக்கச் சொல்லும் முறை நெடுங்காலம் பல வகுப்பறைகளில் ஓடியது, இப்போது நாடு முழுக்க அதைக் கைவிட்டு வருகிறார்கள். புத்தகம் டிஸ்ட்ரிக்ட் முழுக்க ஒன்றாக இருந்தாலும் அறைக்குள் நடப்பது வேறாக இருக்கலாம். கிண்டர்கார்ட்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரை வாசிப்புச் சிரமம் இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை சோதிப்பது 2025-26-லிருந்து கலிஃபோர்னியாவில் கட்டாயம். "அந்தச் சோதனையில் பின்தங்கிய பிள்ளைக்கு அடுத்த வாரம் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். யார், எந்த நாள், எத்தனை நிமிடம் என்று பதில் வந்தால் அது நல்ல ஸ்கூல். "நாங்கள் ஒவ்வொரு குழந்தையையும் நேசிக்கிறோம்" என்று பதில் வந்தால் புன்னகைத்துவிட்டு அடுத்த ஸ்கூலைப் பாருங்கள்.

இன்னொரு சோதனை என் சொந்தக் கண்டுபிடிப்பு. ரீசஸ் நேரத்தில் வேலிக்கு வெளியே பத்து நிமிடம் நில்லுங்கள். ஓரமாகத் தனியாக நிற்கும் பிள்ளையிடம் பெரியவர் யாராவது போகிறாரா என்று பாருங்கள். புதிதாக வரும் உங்கள் மகள் முதல் மாதம் அந்த ஓரத்தில்தான் நிற்பாள்.

இப்போது சேர்க்கைப் படிவத்தில் வரும் ஒரு விஷயம். வீட்டு மொழி பற்றி நான்கு கேள்விகள் இருக்கும். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் அதிகம் பேசுவது எது என்ற மாதிரி. தமிழ் என்று எழுதினால், சேர்ந்த 30 நாளுக்குள் எல்பாக் என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். "ஆங்கிலம் என்றே போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மட்டமான வகுப்பில் போட்டுவிடுவார்கள்" என்று யாராவது அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள், உண்மையை எழுதுங்கள். மகள் ஆங்கில மீடியத்தில் படித்தவள் என்றால் முதல் தேர்விலேயே சரளம் என்று வந்துவிடலாம், அத்தோடு முடிந்தது. வராவிட்டால் ஆங்கிலத்துக்குக் கூடுதல் உதவி கிடைக்கும், அது அவளுக்குச் சட்டப்படி உரிய உதவி. மற்ற பாடங்களை எல்லோருடனும் சேர்ந்துதான் படிப்பாள்.

இதே காரணத்தால் ஒரு ஸ்கூலில் ஆங்கிலம் கற்போர் சதவீதம் அதிகம் என்பதைப் பார்த்து மிரளவேண்டாம். உங்கள் மகனும் நாளை அந்தக் கணக்கில் ஒருவனாக இருக்கலாம். அந்தப் பிரிவின் தேர்வு மதிப்பெண் குறைவாக இருப்பதும் எதிர்பார்க்கவேண்டியதே, தேறியவர்கள் அந்தப் பட்டியலைவிட்டு வெளியேறிக்கொண்டே இருப்பார்கள். டேஷ்போர்டில் ஆங்கிலம் கற்போர் முன்னேற்றம் என்று தனியாக ஒரு அளவு இருக்கிறது, அதைப் பாருங்கள். அதில் நன்றாகச் செய்யும் 6 ஸ்கூல், இந்த வேலையே தெரியாத 9 ஸ்கூலைவிட உங்கள் வீட்டுக்கு ஏற்றதாக இருக்கலாம்.

அடுத்தது, நிறைய பேர் சூடு பட்ட இடம். வாடகை விளம்பரத்தில் இந்த ஸ்கூல் என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். எல்லைக்கோடு தெரு நடுவில் ஓடும். ஒரே குடியிருப்பில் இரண்டு கட்டடம் இரண்டு ஸ்கூலுக்குப் போகும் இடங்களும் உண்டு. டிஸ்ட்ரிக்டின் தளத்தில் முகவரியைப் போட்டால் எந்த ஸ்கூல் என்று காட்டும் வசதி இருக்கும், அதை மட்டும் நம்புங்கள். அதுகூடப் பாதிதான். முகவரி சரியாக இருந்தாலும் அந்த வகுப்பில் இடம் நிரம்பிவிட்டால், 'ஓவர்ஃப்ளோ' என்று சொல்லி டிஸ்ட்ரிக்டில் இடம் இருக்கும் இன்னொரு ஸ்கூலுக்கு அனுப்பிவிடுவார்கள். அதிகம் பேர் விரும்பும் ஸ்கூலில்தான் இது அடிக்கடி நடக்கும், அதிலும் ஜூலையில் வந்து சேர்பவர்களுக்கு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஒன்பதுக்காகவே கூடுதல் வாடகை கொடுத்துக் குடிவந்து, முதல் வருடம் முழுக்க மூன்று மைல் தள்ளி இன்னொரு ஸ்கூலுக்குக் காரில் போய்வந்தார்கள். கொண்டுபோய் விட்டது எந்த ஸ்கூல் என்று கேட்கிறீர்களா? ஆறு.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கலிஃபோர்னியாவில் டிஸ்ட்ரிக்டுக்குள் வசிக்கும் யாரும் தங்கள் எல்லைக்குள் வராத ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கலாம். இடம் இருந்தால் கிடைக்கும், விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். எல்லைக்குள் வசிக்கும் பிள்ளையை அதற்காக வெளியேற்ற மாட்டார்கள். விண்ணப்பிக்கும் காலம் பெரும்பாலும் குளிர்காலத்தில் வந்து போய்விடும், உங்களுக்கு இந்த வருடத்துக்குத் தாமதம்தான். ஆனால் 6 பக்கம் குடிவந்து, ஒரு வருடம் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் 9-க்கு விண்ணப்பிப்பது நடக்கக்கூடிய காரியம். அதிகம் கொடுத்துக் குடிவந்துவிட்டுக் கீழே இறங்க யாருக்கும் மனசு வராது.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 1-க்குள் நான்கு முடிப்பதால் டி.கே.-யில் சேர உரிமை உண்டு. 2025-26-லிருந்து இந்த வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இது திறந்திருக்கிறது. ஆனால் டிஸ்ட்ரிக்ட் டி.கே. நடத்தவேண்டுமே தவிர, ஒவ்வொரு ஸ்கூலிலும் நடத்தவேண்டும் என்று இல்லை. முழு நாளாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. மகள் ஒரு ஸ்கூல், மகன் ஒரு ஸ்கூல், ஒருவருக்கு எட்டரை, ஒருவருக்கு எட்டே முக்கால் என்று ஆனால் காலை நேரத்தில் ரேட்டிங்கைப் பற்றி யோசிக்கவே நேரம் இருக்காது. இரண்டு பேரும் ஒரே ஸ்கூலில் இருப்பார்களா, பள்ளி முடிந்தபின் அங்கேயே பார்த்துக்கொள்ளும் வசதியில் இடம் இருக்கிறதா? இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் இந்த இரண்டு கேள்விக்கும் பதில், தேர்வு மதிப்பெண்ணைவிட உங்கள் தினசரி வாழ்க்கையைத் தீர்மானிக்கும்.

ஆக, எப்போது 600 டாலர் கொடுக்கலாம்? அந்தப் பக்கம் வீட்டிலிருந்து நடந்தே ஸ்கூலுக்குப் போகலாம், உங்களில் ஒருவருக்கு ஆபீஸ் பக்கம் என்றால் கொடுக்கலாம். டி.கே.-யும் மாலைப் பராமரிப்பும் அங்கேதான் கிடைக்கிறது என்றால் யோசிக்காமல் கொடுக்கலாம். பெற்றோர் படிப்பு வாரியாக மூன்று வருட எண்ணைப் பார்த்தும், முன்னேற்றத்தைப் பார்த்தும் வித்தியாசம் பெரிதாகவே நிற்கிறது என்றால் அதுவும் நியாயமான காரணம். 6 பக்க ஸ்கூலை மூடுவது பற்றி டிஸ்ட்ரிக்ட் பேசிக்கொண்டிருந்தாலும் சரிதான். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவருவதால் பே ஏரியாவில் பல டிஸ்ட்ரிக்டுகள் இந்தப் பேச்சில் இருக்கின்றன. டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் போர்டின் கூட்ட நிகழ்ச்சி நிரல் பொது ஆவணம், கடந்த ஆறு மாதத்தைத் தளத்தில் ஒருமுறை புரட்டினால் தெரிந்துவிடும். வீடு வாங்குவதாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். சாண்ட்ரா பிளாக் 1999-ல் பாஸ்டன் புறநகர்களில் எல்லைக்கோட்டின் இரு பக்கமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு, தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டு விலை சுமார் 2.5 சதவீதம் கூடுகிறது என்று காட்டினார். வாங்குபவர் கொடுத்த அந்தக் கூடுதலை விற்கும்போது திரும்பப் பெறலாம். வாடகைக்கு இருப்பவருக்கு அது போனது போனதுதான்.

உடனே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. ஜூலையில் ஸ்கூல் அலுவலகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், டிஸ்ட்ரிக்ட் சேர்க்கை அலுவலகம் திறந்திருக்கும். இப்போதே அவர்களுக்கு இரண்டு முகவரியையும் எழுதி, இந்த வருடம் இரண்டாம் வகுப்பிலும் டி.கே.-யிலும் ஓவர்ஃப்ளோ இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். சின்னம்மைத் தடுப்பூசி நம் ஊர் அரசு அட்டவணையில் இல்லாததால் பலருக்கு விட்டுப்போயிருக்கும், இங்கே டி.கே.-யிலிருந்தே இரண்டு தவணை கேட்பார்கள். சென்னையிலேயே போட்டு, தேதியும் மருத்துவர் முத்திரையும் தெளிவாக இருக்கும்படி வாங்கிக்கொண்டு வாருங்கள்.